வெர்னா ஆப்னி முன்னால் போன வருஷம்

மன்சி ஊர் பழைய கார் சங்கம் ஒவ்வொரு செப்டம்பர் தொடக்கத்திலும் மேடிசனுக்குப் புறப்படும். ஒஹாயோ ஆற்றங்கரையில் சாப்பிட்டு, ஆற்றை வேடிக்கை பார்த்து, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவார்கள். நாற்பது வண்டிக்குக் குறையாது. அந்த வரிசையில் கடைசி வண்டி வெர்னா ஆப்னியுடையது. அறுபத்தொன்பதாம் வருஷத்துச் செவெல் கார், கரும்பச்சை. ஈரம் காயாத தர்பூசணித் தோல் மாதிரி ஒரு பச்சை. அதன் பின்சீட்டில் எல்லோருக்குமான ஐஸ் பெட்டியும் உருளைக்கிழங்கு சாலட்டும் பயணம் செய்யும். முன்னால் போகும் வண்டிகளின் புகை முழுவதும் வெர்னாவுக்கு.

அவளை வாலில் வைத்தது யாருடைய விரோதமும் இல்லை. சங்கத்தின் வழக்கம் அது. முன்னால் போகிற வண்டியில் மூன்று பெடல் இருக்க வேண்டும். கையால் கியர் மாற்றத் தெரிந்தவர்தான் ஊரை வழிநடத்திப் போகலாம். வெர்னாவின் செவெல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஜாதி. அதை ஓட்டுவதைச் சங்கத்தார் ஓட்டுவது என்றே சொல்லமாட்டார்கள். "உக்காந்துட்டு வர்றா" என்பார்கள்.

இத்தனைக்கும் வெர்னாவின் பிழைப்பே வண்டி ஓட்டுவதுதான். பள்ளிக்கூட பஸ். ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தும் அந்த மஞ்சள் பஸ்ஸில் பின்னால் யார் சூயிங்கம் பிரிக்கிறார்கள், யார் அடுத்தவன் தொப்பியைப் பிடுங்குகிறார்கள் என்பது அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும். திரும்பிப் பார்க்கமாட்டாள். "டெவின், அந்தத் தொப்பிய குடுத்துரு" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வாள். டெவின் கொடுத்துவிடுவான். பெரியவர்கள் கூட்டத்தில்தான் அவளுக்குக் குரல் எழும்பாது.

வசந்த காலத்தில் செவெலின் கியர்பாக்ஸ் உயிரை விட்டது. வீட்டு வாசலில் எண்ணெய்க் குளம்.

வெர்னா அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்த வியாழக்கிழமை, பர்கர் கடை வாசலில் சங்கம் கூடியபோது, மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"நான் கிளட்ச் வைக்கப் போறேன். இந்த வருஷம் மேடிசனுக்கு முன்னால நான் போறேன்."

சங்கத் தலைவர் ஹார்லன் ஸ்டக்கர் பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். எழுபதைத் தாண்டியவர். கியர் தொழிற்சாலையில் சக்கரங்களுக்குப் பல் வெட்டி ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் வரிசைக்கு முன்னால் போவது அவருடைய ஆரஞ்சு நிற செவெல்.

"அப்போ ஐஸ் பெட்டிய யாரும்மா எடுத்துட்டு வர்றது?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள். ஆனால் உட்காரவில்லை. அவள் உட்காராமல் நின்றதைப் பார்த்துத்தான் ஹார்லன் வாயைத் துடைத்துக்கொண்டு முறைப்படி பேசினார். "சரி. ஆகஸ்ட் கடைசி வியாழன் பரீட்சை. ஊரைச் சுத்தி, ரயில்வே கேட் மேட்டுல நிறுத்தி, எஞ்சின் அணையாம எடுக்கணும். எடுத்துட்டா நீ முன்னால. இல்லன்னா எப்பவும் போல ஐஸ் பெட்டி."

மன்சியில் கியர்பாக்ஸ் வாங்குவது மற்ற ஊர்களில் வாங்குவது போல் அல்ல. ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு நாடெங்கும் ஓடிய நாலு கியர் பாக்ஸ் இங்கே பிறந்தது. இங்கே எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு மாமாவோ பெரியப்பாவோ அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராக இருப்பார். அதனால் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அந்த பாக்ஸில் மூன்று வகை. எது எது என்று கண்டுபிடிக்க, உள்ளே போகும் இரும்புத் தண்டில் கோடு பார்க்க வேண்டும். இரண்டு கோடு இருந்தால் சாதாரண வகை. ஒரு கோடு கொஞ்சம் ஓட்டப்பந்தய வகை. கோடே இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் அது கிரஷர். கல் உடைக்கிற கிரஷர் மாதிரி இரைவதால் அந்தப் பெயர்.

மன்சிக்காரன் எவனும் தன் வண்டியில் இரண்டு கோடு இருப்பதாக இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. கேட்டால் எல்லோரிடமும் கிரஷர்தான். வண்டியிலிருந்து பாக்ஸை இறக்கினால்தான் கோடு தெரியும் என்பதால் யாரும் யாரையும் சோதித்ததும் இல்லை.

ஜூன் மாதத்துப் பழைய சாமான் சந்தைக்கு வெர்னா தனியாகப் போகத்தான் நினைத்தாள். சங்கத்தில் பாதிப் பேர் கூடவே வந்துவிட்டார்கள், பெண் பார்க்கப் போவது போல. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி தார்ப்பாயின் மேல் மூன்று பாக்ஸ் வைத்திருந்தார். ஒன்று இரண்டு கோடு. ஒன்று கோடில்லாதது. மூன்றாவது, இந்தக் காலத்து ஐந்து கியர் பாக்ஸ், பளபளவென்று.

வியாபாரி முதலில் ஒரு கேள்வி கேட்டார். "அம்மா, உங்க வண்டியில பின் ஆக்ஸில் என்ன பல்லு?"

வெர்னா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் நிதானமாகப் போவதற்கென்று போட்ட ஆக்ஸில் அது. வாலில் வரும் வண்டிக்கு அது சுகம்.

அதற்குள் ஹார்லன் குறுக்கே வந்தார். "தம்பி, இவங்க மன்சிக்காரங்க. மன்சிக்காரங்ககிட்ட போய் கேள்வியா? கோடு இல்லாதத எடுத்துக் கட்டு."

"இல்ல சார், ஆக்ஸில தெரிஞ்சுக்கிட்டா எது பொருந்தும்னு..."

"கிரஷர் பொருந்தாத வண்டி ஒண்ணு இருக்கா?" என்றார் ஹார்லன். பின்னால் நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். ஒருவர் அந்த மொழுக்குத் தண்டைக் குழந்தைத் தலையைத் தடவுவது போல் தடவினார்.

வெர்னா இரண்டு கோடு பாக்ஸை ஒருமுறை பார்த்தாள். அது மூலையில் சாதுவாகக் கிடந்தது. இத்தனை பேர் நடுவில் அதை எடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவளுக்கும் கிரஷர் வேண்டும் போலிருந்தது. முன்னால் போகிறவள் மொழுக்கென்ற தண்டோடு போனால் என்ன?

பாக்ஸ் ஏற்றுகிற வேலையில் கணவன் லோவெல் ஒத்தாசை செய்தான். லோவெல் ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை செய்கிறவன். கார் விஷயத்தில் அவனுக்குத் தெரிந்தது கதவைத் திறந்து மூடுவது. வண்டிக்கடியில் படுத்து, நெஞ்சுமேல் பாக்ஸைத் தாங்கிக்கொண்டு, "இது ஏறலன்னா சொல்லிடு வெர்னா, என்னையும் சேர்த்துப் புதைச்சிரு" என்றான். கிளட்ச் பெடலை அவள் மாட்டியபோது எட்டிப் பார்த்தான். "மூணு பெடலா? உனக்கு ரெண்டு காலுதானே?"

முதல் நாள் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நன்றாகத்தான் எழுந்தது. கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி, மறுபடி. எஞ்சினை உறுமவிட்டு, கிளட்சைப் பாதியில் பிடித்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தால்தான் நகர்ந்தது. நகர்ந்ததும் கருகல் வாசனை. ஓட ஆரம்பித்தால் பிரச்சினையில்லை. ஆனால் அந்த இரைச்சல். ஒவ்வொரு கியரிலும் ஒரு தனி ஊளை. தெருக்கோடியில் திரும்பும்போதே லோவெலுக்குச் சமையலறையில் கேட்டுவிடும். அடுப்பில் தோசைக்கல் மாதிரி இருக்கும் தட்டையான சட்டியைப் போட்டு அவளுக்கு முட்டை உடைக்க ஆரம்பித்துவிடுவான்.

"ஆம்புலன்ஸ் வருதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் வழிவிட்டு நின்னாரு" என்றான் ஒருநாள்.

"கிண்டல் பண்ணாத லோவெல். எனக்கு எடுக்க வரல."

"பஸ்ஸ எடுக்கற. இத எடுக்க வரலயா?"

வெர்னா பஸ்ஸில் சேர்ந்த காலத்தில் கிளட்ச் வைத்த பஸ்கள்தான். பனியில், சரிவில், எல்லாம் எடுத்திருக்கிறாள். இப்போது தன் இடது காலை நம்ப முடியாமல் போயிற்று. சோபாவில் உட்கார்ந்து டெலிவிஷன் பார்க்கும்போதும் கால் தரையில் மெதுவாக அழுத்தி மெதுவாக விட்டுப் பழகிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் நடுவில் ஒரு வியாழன் ஹார்லன் ஒத்திகை வைத்தார். ரயில்வே கேட் மேடு மன்சியில் பெரிய மேடு ஒன்றுமில்லை. ஊரே தட்டை. ஆனால் நின்ற வண்டியை எடுக்கிறவனுக்கு அது மலை. வெர்னா நிறுத்தினாள். எடுத்தாள். அணைந்தது. பின்னால் ஒரு பால் லாரி ஹாரன் அடித்தது. மறுபடி எடுத்தாள். வண்டி தவளை போல் ஒரு தாவு தாவி அணைந்தது. மூன்றாம் தடவை புகையோடு கிளம்பியது.

ஹார்லன் ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார். "பாக்ஸ்ல குத்தம் சொல்ல முடியாது. தங்கம். இடது காலுதான் சரியில்ல."

"பழகிக்கறேன்."

"பழகு. பழகு. ஐஸ் பெட்டிய மட்டும் யாருக்கும் வித்துராத."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் அழவில்லை. ஆனால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் ஓட்டினாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு திரும்பிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் பங்க் சிக்னலில் நின்றபோது, குறுக்குத் தெருவிலிருந்து ஹார்லனின் ஆரஞ்சு செவெல் வந்து திரும்பியது. ஒரு சக்கரம்கூட ஓரத்தில் ஏறாமல், அழகாக. முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர். ஹார்லன் கையை உயர்த்தினார். வெர்னாவும் உயர்த்தினாள்.

உயர்த்திய கை அப்படியே நின்றது.

ஊளை எங்கே?

பல வருஷமாக அந்த வண்டிக்குப் பின்னால் போயிருக்கிறாள். ஆனால் நாற்பது வண்டி தள்ளி. வாலில் இருப்பவளுக்கு முன்னால் போகிறவனின் கியர் சத்தம் எப்படிக் கேட்கும்? இப்போது இரண்டு மாதமாகக் கிரஷரின் ஊளையைக் காதிலேயே வைத்துக்கொண்டு திரிகிறாள். ஹார்லனின் வண்டி போனது கன்றுக்குட்டி புல்லில் நடப்பது போல. எஞ்சின் சத்தம், சைலன்ஸர் சத்தம், அவ்வளவுதான்.

சிக்னல் பச்சைக்கு மாறி, பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். வெர்னா பஸ்ஸை எடுத்தாள். பஸ் நோகாமல் கிளம்பியது. ஐம்பது பிள்ளைகள் ஏறினாலும் நோகாமல்தான் கிளம்பும். முதல் கியர் அதற்கென்றே செய்தது. பாரத்தை நகர்த்தத் தெரிந்த கியர். கிரஷரின் முதல் கியர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கானது. பின்னால் எஞ்சினை வேகமாகச் சுழலவிடும் பந்தய ஆக்ஸில் இருந்தால் அது ஓடும். அவளுடைய நிதான ஆக்ஸிலோடு அதைக் கட்டினால், சைக்கிளைக் கடினமான கியரில் வைத்துக்கொண்டு மேட்டில் மிதிக்கிற கதை. வியாபாரி கேட்ட கேள்வி இப்போதுதான் அவள் காதில் முழுதாக விழுந்தது.

சனிக்கிழமை காலை ஹார்லன் வீட்டு ஷெட்டுக்குப் போனாள். ஹார்லன் ஆரஞ்சு வண்டியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காப்பி குடிக்கறியாம்மா?"

"குடிச்சிட்டேன். ஹார்லன், உங்க வண்டியில பின் ஆக்ஸில் என்ன?"

"பந்தய ஆக்ஸில். பிச்சுக்கிட்டுப் போகும். ஏன்?"

"ஹைவேல எஞ்சின் கத்தாதா?"

"கத்தும். கத்தட்டும். அதுக்குத்தானே வச்சிருக்கேன்."

"பாக்ஸ் கத்த மாட்டேங்குதே."

ஹார்லன் துடைத்துக்கொண்டேயிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். "அது நான் பல்லு பல்லா உரசி வச்சிருக்கேன். தொழிற்சாலைல முப்பது வருஷம் பாத்தவன் கை. அதான் சத்தமில்ல."

வெர்னா அவரைப் பஸ் கண்ணாடியில் டெவினைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

துடைக்கும் துணி நின்றது. "யார் சொன்னா?" என்றார் ஹார்லன்.

"யாரும் சொல்லல. என் வண்டி சொல்லிக்கிட்டே இருக்குல்ல, ஊர் முழுக்க."

ஹார்லன் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். சட்டென்று சின்னவராகிவிட்ட மாதிரி இருந்தார். "ரெண்டு கோடும்மா. வாங்கும்போதே ரெண்டு கோடு. அப்போ மொத வருஷம் யாரோ கேட்டான், கிரஷரான்னு. ஆமான்னுட்டேன். ஒருதடவ ஆமான்னுட்டா அப்புறம் எப்படி இல்லங்கறது? கட்டின பொண்டாட்டி கிளென்னாவுக்குக்கூடத் தெரியாது."

"கிளென்னாவுக்குக் கியர்பாக்ஸ்னா என்னன்னே தெரியாதே."

"அதான். தெரியாது."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சங்கத்துல சொல்லப் போறியா?"

"மாத்திக்கலாம்."

"என்னது?"

"உங்க பாக்ஸ் எனக்கு. என் பாக்ஸ் உங்களுக்கு. ரெண்டும் ஒரே வருஷத்து வண்டி, அப்படியே பொருந்தும். உங்க ஆக்ஸிலுக்குக் கிரஷர் சரி. என் ஆக்ஸிலுக்கு ரெண்டு கோடு சரி."

ஹார்லனின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வருஷக்கணக்கில் பொய்யாய்ச் சொல்லி வந்த ஒன்று நிஜமாகவே கையில் கிடைக்கப் போகிற மனிதனின் வெளிச்சம். ஆனால் தலைவர் தலைவர்தான். "அந்த அஞ்சு கியர் பாக்ஸ் வாங்கிப் போட்டுக்கலாமே நீ? இந்தக் காலத்துப் பசங்க எல்லாம்..."

"அஞ்சாவது கியர் நெடுஞ்சாலைல எஞ்சின அமைதிப்படுத்த. என் ஆக்ஸில் ஏற்கெனவே அதைத்தான் பண்ணுது. அஞ்சாவதப் போட்டா வண்டி தூங்கிரும்."

"அடேங்கப்பா" என்றார் ஹார்லன். "இடது காலுன்னு சொன்னது தப்புதாம்மா."

"தப்புதான்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டல்ல?"

"நான் சொல்லமாட்டேன். கேக்கறவங்களுக்குக் காது இருந்தா, அதுக்கு நான் பொறுப்பில்ல."

அந்த சனி ஞாயிறு இரண்டு நாளும் ஹார்லன் ஷெட்டின் கதவு சாத்தியே இருந்தது. லோவெல் இரண்டாம் தடவையாக நெஞ்சுமேல் பாக்ஸ் தாங்கினான். இந்தத் தடவை இரண்டு பாக்ஸ். இறங்கிய தண்டில் இரண்டு கோடும் மோதிரம் மாதிரி மின்னியது. "இவ்வளவு அழகா இருக்கு, இதையா ஒளிச்சு வச்சாரு?" என்றான். ஹார்லன் கேட்காதது போல் ஸ்பேனர் தேடினார்.

கடைசி வியாழன் பரீட்சை சுருக்கமாக முடிந்தது. ரயில்வே கேட் மேட்டில் நிறுத்தினாள். கிளட்சை விட்டாள். பச்சை செவெல், வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடப்பவன் போல் கிளம்பியது. மறுபடி நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினாள், எடுத்தாள். பின்னாலேயே வந்து நின்ற ஆரஞ்சு வண்டியின் பக்கம் சங்கத்தின் செயலாளர் காதைத் தீட்டிக்கொண்டு, "ஹார்லன், உங்க வண்டி என்ன இப்படி ஊளையிடுது? பேரிங் போயிருச்சா?" என்றார்.

"ஆயில் மாத்தினேன்" என்றார் ஹார்லன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் ஆயில் மாற்றிய சந்தோஷம் இல்லை.

மேடிசன் போகிற காலையில் வெர்னா எல்லோருக்கும் முன்னால் நின்றாள். பக்கத்துச் சீட்டில் லோவெல், மடியில் ஒரு பெட்டி வேகவைத்த முட்டை. ஐஸ் பெட்டியை ஹார்லன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு இரண்டாவதாக வந்தார். தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

முன்னால் போவதில் ஒரு சங்கடம் இருப்பது தெற்கே பாதி தூரம் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அவள் வழி பார்த்ததே இல்லை. முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கைத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது எதிரே விளக்கு இல்லை. வெறும் சோளக்காடு, வானம், காலியான தார்ச்சாலை. யாரும் முன்பே மிதிக்காத பனி போல இருந்தது. அவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் போலிருந்தது. போனாள். பார்த்துக்கொண்டே போனதில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

லோவெல் முட்டையை மென்றுகொண்டே சொன்னான். "நாம போன வருஷம் இப்படி வந்த மாதிரி ஞாபகம் இல்லயே."

"எனக்கும் இல்ல."

"திரும்பலாமா?"

கண்ணாடியில் பார்த்தாள். நாற்பது வண்டி. ஆரஞ்சு, மஞ்சள், நீலம், கறுப்பு. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. முன்னால் போகிறவர் போகிற வழிதான் வழி என்பது சங்கத்தின் இன்னொரு வழக்கம்.

சாலை குறுகியது, சரளையாக மாறியது, ஒரு குன்றின் மேல் ஏறத் தொடங்கியது. தென் பக்கத்துக் குன்றுகள் மன்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. சரியாகப் பாதி மேட்டில் ஒரு விவசாயி மாடுகளைக் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தார். வெர்னா நிறுத்தினாள். பின்னால் ஒவ்வொன்றாக நாற்பது வண்டியும் அந்தச் சரிவில் நின்றது. ரயில்வே கேட் மேடு இதன் முன் ஒரு தலையணை.

விவசாயி நிதானமாக ஜன்னலுக்கு வந்தார். வரிசையின் கடைசிவரை ஒருமுறை பார்த்தார்.

"எங்கம்மா இவ்வளவு பேரும்?"

"மேடிசனுக்கு."

"மேடிசன் அந்தப் பக்கமாச்சே."

"தெரியும்" என்றாள் வெர்னா. "இந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

விவசாயி யோசித்தார். "நல்லாத்தான் இருக்கும். மேல ஏறிட்டா ஆறு தெரியும். ஆனா இந்த ஏத்தத்துல நின்ன வண்டிய எடுக்கறது கஷ்டம்."

கடைசி மாடு சாலையைக் கடந்தது. லோவெல் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். வெர்னா முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டாள். கருகல் வாசனை இல்லை, தாவல் இல்லை. சரளை மட்டும் சக்கரத்துக்கடியில் கொஞ்சம் பேசியது. பச்சை செவெல் மேலே ஏறியது. அதன் பின்னாலேயே ஹார்லனின் ஊளையும், அதற்குப் பின்னால் ஒவ்வொருவராக மற்ற எல்லோரும்.